தேசிக்காய் வெட்டிய லேத்

இரும்பு கடைகிற எங்கள் லேத் மெசின் முதன்முதலில் வெட்டிய சாமான் இரும்பில்லை, தேசிக்காய், அதாவது எலுமிச்சை. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். நான் பக்கத்தில் நின்றவன். சாறு என் சேர்ட்டில் தெறித்து, கண்ணிலும் ஒரு துளி பட்டது. ஆகவே கண்ணால் கண்ட சாட்சியாகத்தான் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் ஒரு பஸ் டிப்போவில் டேர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரேக் டிரம் கடைந்து கடைந்தே தலை நரைத்துப் போனது. ஓய்வுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கிடந்து பேப்பர் பார்ப்பது, பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு நடை போய் வருவது, இவ்வளவுதான் என் திட்டம். அதைக் குழப்பியவள் தேற்றாத்தீவில் இருக்கும் என் தங்கை வசந்தி.

அவளுடைய மனுசன் யோகன் கட்டாரில் பல வருடமாகக் கிரேன் ஓட்டியவன். வருவான், கொஞ்ச நாள் நிற்பான், கட்டிலுக்குக் கீழே கிடக்கும் பெரிய நீலப் பேக்கை இழுத்தெடுப்பான், போய்விடுவான். கடைசியாக வந்தபோது, இனிப் போவதில்லை என்று சொல்லி, கொழும்பிலிருந்து ஒரு புது லேத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். வீட்டுக்கு முன்னால் கல்முனை வீதியைப் பார்த்தபடி தகரக் கொட்டில் ஒன்றும் எழும்பியது.

வசந்தி என்னைக் கூப்பிட்டு விட்டாள். தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு நேராக விசயத்துக்கு வந்தாள்.

"அண்ணன், இந்த மெசின் ஓடினா இவர் இஞ்ச. ஓடாட்டி இவர் திரும்பவும் கட்டார். நீங்கதான் நிண்டு ஓட்டிக் குடுக்கணும். அந்தப் பேக்கை இன்னொருக்கா என்னால பாக்க ஏலா."

ஒரே தங்கை. சாய்மனைக் கதிரையை அன்றோடு மறந்தேன்.

சலீம் நானாவின் கண்ணாடி அலமாரி

லேத்தை வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. அதோடு சேர வேண்டிய சாமான்கள்தான் மீதிப் பாதி. அளக்கிற கருவி வேண்டும், பிடிக்கிற கருவி வேண்டும். இதை யோகனுக்கு விளங்கப்படுத்தி, அவனையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடியில் சலீம் நானாவின் கடைக்குப் போனேன். டிப்போக் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கமான கடை அது. நானா கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

யோகனுக்கு ஒரு வியாதி. பற்றரி போட்டு, வெளிச்சம் வந்து, பீப் என்று சத்தம் போட்டால்தான் அது கருவி.

"நானா, டிஜிற்றல்ல என்னெல்லாம் இரிக்கி? எல்லாத்தையும் காட்டுங்க."

டிஜிற்றல் கலிப்பர் எடுத்தான். டிஜிற்றல் மைக்ரோமீற்றர் எடுத்தான். காந்தத்தில் ஒட்டுகிற லைட் ஒன்று எடுத்தான். இரும்பில் பாய் பின்னியது போலக் கோடு விழுத்துகிற நேர்லிங் டூல் ஒன்றையும், வடிவாக இருக்கிறது என்பதற்காகவே எடுத்தான்.

"மச்சான், டயல் கேஜ் ஒண்டு எடு. காந்த ஸ்டாண்டோட எடு," என்றேன்.

நானா அதையும் எடுத்து வைத்தார். வட்ட முகம், நடுவில் ஒரு முள், கீழே ஒரு சின்னக் குச்சி. அந்தக் குச்சி தலைமயிர் அளவுக்கு உள்ளே போனாலும் முள் நகரும். யோகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன மணிக்கூடு? ஒரு முள்ளுத்தான் இரிக்கி. நேரம் போன்ல பாக்கலாமே மச்சான்."

"இது நேரம் காட்டாது. ஆட்டம் காட்டும். சுத்துற சாமான் நேராச் சுத்துதா, கோணிச் சுத்துதா எண்டு இதுதான் சொல்லும்."

"மெசின் புதுசு. புது மெசின் ஏன் கோணுது?"

"தம்பி," என்றார் நானா, "புதுசுதான் கூட ஆடும். பழசுக்கு ஆட ஏலாது." யோகன் சிரித்தான். ஆனால் மணிக்கூட்டை மெதுவாக நானாவின் பக்கம் தள்ளி வைத்தான்.

அடுத்தது டோக். நீளமான தண்டு ஒன்றைக் கடைவதென்றால் இரண்டு முனையிலும் கூரான சென்டரைக் கொடுத்து நிறுத்தி, இந்த டோக்கைக் கழுத்தில் பூட்டிச் சுழற்றுவதுதான் முறை. அப்படிச் செய்தால் இரு முனையும் ஒரே நேர்கோட்டில் வரும். பார்வைக்கு அது கொம்பு முளைத்த ஒரு வார்ப்பு வளையம், அவ்வளவுதான்.

"இது மாட்டுக்குப் பூட்டுறதா மச்சான்?" என்று கேட்டான் யோகன். "இதுல பற்றரி எங்க போடுற?"

டோக்கும் அலமாரிக்குத் திரும்பிப் போனது. கடைகிற சாமானைக் கவ்விப் பிடிக்கிற நாலு தாடைச் சக்கும் பாரம் என்று சொல்லித் திரும்பிப் போனது. எனக்கு வாய்வரைக்கும் ஏசல் வந்தது. கடைக்குள் வைத்துத் தங்கச்சி மாப்பிள்ளையை ஏச ஏலுமா? விழுங்கிக்கொண்டு வந்தேன்.

நல்ல நேரம்

மெசினுக்குப் பூசை போட வசந்தி நாள் பார்த்தாள். அன்று விடிய நான் போனபோது கொட்டில் கோயிலாக மாறியிருந்தது. மாவிலைத் தோரணம், கும்பம், வாழைக்குலை. மெசினைச் சிமெந்தில் இறுக்குவதற்காக அதன் சக்கைக் கழற்றிவைத்திருந்தோம். அந்தச் சக் வாழையிலையில் பழம் பாக்கு வெற்றிலைக்கு நடுவே குந்திக்கொண்டிருந்தது. டிஜிற்றல் கலிப்பருக்குச் சந்தனம், மைக்ரோமீற்றருக்குச் சந்தனம், எண்ணெய்க் கானுக்கும் சந்தனம். கையில் சந்தனக் கிண்ணத்தோடு வசந்தி மெசினைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

யோகன் தேங்காயைத் தூக்கினான். உடைக்க இடம் தேடியவனின் கண்ணில் மெசினின் பெட் பட்டது. வெண்ணெய் போல மினுமினுக்கத் தேய்த்த இரும்பு அது. அதன் மேல்தான் இரும்பை வெட்டுகிற டூல் ஓடும்.

"டேய்! அது கல்லில்லடா, பெட்!" என்று கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். தேங்காய் என் முழங்கையை உரசிக்கொண்டு போய் வாசல் கல்லில் உடைந்தது. சரிபாதியாக உடைந்ததால் சகுனம் நல்லதென்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். என் முழங்கையை ஒருவரும் விசாரிக்கவில்லை.

அடுத்தது தேசிக்காய். வாகனமென்றால் சில்லுக்குக் கீழே வைத்து நசிக்கலாம். லேத்துக்குச் சில்லு ஏது? வசந்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"சுத்துற இடத்துல வச்சு வெட்டுங்க. கண்ணூறு எல்லாம் அதோட போகட்டும். கெதியா, ராகுகாலம் வரப்போகுது!"

"சுத்துற இடம் எண்டா சக்கைப் பூட்டணுமே புள்ள," என்றேன்.

"பூட்டுங்களன்!"

நான் மெசினுக்குப் பின்னால் மோட்டர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோகன் வாழையிலையில் இருந்த சக்கை அள்ளி எடுத்து, மெசினின் முகப்பில் பொருத்தி, போல்ட்டுகளை அவசர அவசரமாக இறுக்கினான். அவன் பொருத்தும்போதே வந்திருந்த சொந்தக்காரர் எல்லோரும் அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசியை மெசின் மேல் போட்டார்கள். சக்கின் மூன்று தாடைக்கும் நடுவில் தேசிக்காயை வைத்து யோகன் சுவிச்சைத் தட்டினான். டூல் தொட்டது. தெறித்த சாறுக்கு அந்தக் கொட்டிலில் நின்ற ஒருவரும் தப்பவில்லை. வசந்தி மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிப் பயமில்ல," என்று சிரித்தாள். நான் சாறு பட்ட இடமெல்லாம் துடைத்து எண்ணெய் பூசி வீட்டுக்குப் போக மத்தியானம் தாண்டிவிட்டது.

போடியாரின் தேத்தண்ணிக் கிளாஸ்

முதல் ஓடர் தந்தவர் பக்கத்து ஊரில் அரிசி மில் வைத்திருக்கும் போடியார். வயலும் உண்டு, வாயும் உண்டு. அறுவடை நேரம் பார்த்து மில்லைச் சுழற்றுகிற தண்டான சாப்ட் முறிந்துபோக, துண்டுகள் இரண்டையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கொட்டிலில் போட்டார்.

"தம்பி, வயல் வட்டையெல்லாம் வெட்டு முடிஞ்சி நெல்லு வந்து குவிஞ்சி கிடக்கு. மில்லு நிக்கிது. இதே மாதிரி ஒண்டு கடைஞ்சி தா. சரிவந்தா இந்தப் பக்கத்து மில்லுக்காரர் எல்லாருக்கும் நானே சொல்லுவன்." கொஞ்சம் நிறுத்தி, "சரிவராட்டியும் நானே சொல்லுவன்," என்றார்.

அந்தச் சாப்டின் இரண்டு முனையிலும் பேரிங் உட்கார வேண்டும். டோக் இருந்திருந்தால் சென்டரில் நிறுத்திக் கடைந்திருப்பேன். இல்லாதபடியால் ஒரு முனையைச் சக்கில் பிடித்து மற்ற முனையைக் கடைந்தோம், பிறகு பிரட்டிப் பிடித்து மீதி முனையைக் கடைந்தோம். சக் புதிது, நேராகத்தான் பிடிக்கும் என்று நானும் நினைத்தேன். யோகன் டிஜிற்றல் மைக்ரோமீற்றரை வைத்து வைத்து வாசித்தான். இரண்டு முனையும் சொன்ன அளவு. பேரிங்கும் கை அழுத்தத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது. வசந்தி அன்று பாயாசம் வைத்தாள்.

மில்லில் சாப்டைப் பூட்டி மோட்டரைப் போட்டதும் பாயாசம் எனக்குத் தொண்டைக்கு வந்தது. மில் உறுமியது, கூரைத் தகரம் அதிர்ந்தது, முகட்டில் காலங்காலமாகக் கிடந்த தவிடெல்லாம் எங்கள் தலையில் கொட்டியது. போடியாரின் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கிளாஸ் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்து கீழே குதித்தது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்தினார் போடியார். "டேய், என்ர தேத்தண்ணி தானா எழும்பி நடந்து போகுதுடா! இது சாப்டா, சாமி வந்த ஆளா?"

தவிடு படிந்த முகத்தோடு நாங்கள் சாப்டைக் கழற்றினோம். போடியார் வாசல்வரை வந்து ஒரு தவணை தந்தார்.

"நாளைக்குப் பின்னேரம்வரைக்கும் பாப்பன். அதுக்கு மறுகா கல்முனை லேத்துக்காரனுக்குக் குடுத்துப்போடுவன். நெல்லு எனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது."

எல்லாக் கருவியும் சரி என்றது

கொட்டிலுக்கு வந்து திரும்பவும் அளந்தோம். டிஜிற்றல் மைக்ரோமீற்றர் சரி என்றது. டிஜிற்றல் கலிப்பர் சரி என்றது. சைனாக் கருவி பொய் சொல்லுதோ என்று சந்தேகப்பட்டு, என் டிப்போக் காலத்துப் பழைய மைக்ரோமீற்றரை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தேன். அதுவும் சரி என்றது. ஆடுகிறது என்று சொன்னது போடியாரின் தேத்தண்ணிக் கிளாஸ் மட்டும்தான்.

"இன்னும் விலை கூடின மைக்ரோமீற்றர் ஒண்டு எடுப்பமா மச்சான்?" என்றான் யோகன்.

"அது வந்தும் இதைத்தான் சொல்லும். இதெல்லாம் தடிப்பம் அளக்கிற சாமான். தடிப்பத்தில பிழையில்ல. ரெண்டு முனையும் ஒரே நேர்கோட்டில இரிக்கா எண்டு இதுக்குத் தெரியாது."

அவன் கைத்துணியை மெசினின் மேல் போட்டான். "எனக்கு இது சரிவராது மச்சான். கிரேன்தான் என்ர தொழில்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் வசந்தி வெளியே வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணன், அந்தாள் பேக்கை வெளியில எடுத்துத் தூசி தட்டுறார்."

எனக்கு யோகனில் கோபம், அவனைப் பார்க்கப் பாவம், என் தங்கையின் முகத்தைப் பார்க்க இன்னும் பாவம். சேர்ட்டையும் மாற்றாமல் வீதிக்கு ஓடி, வந்த பஸ்ஸை மறித்து, காத்தான்குடிக்கு ஏறினேன்.

சலீம் நானா என்னைக் கண்டதும் தலையிலிருந்த தவிட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்த மணிக்கூட்டை எடுத்து வைத்தார்.

"வருவீங்க எண்டு தெரியும் அண்ணன். வேற ஆருக்கும் குடுக்கல்ல. என்ன, புதுசு ஆடுதோ?"

"ஆடுதா இல்லையா எண்டு இதுதான் சொல்லணும் நானா. அந்த மாட்டு வளையத்தையும் போடுங்க."

சக்குக்குப் பின்னால்

திரும்பி வந்து, நேரான உருக்குக் கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்தேன். ஸ்டாண்டின் காந்தத்தைப் பெட்டில் ஒட்டி, டயல் கேஜின் குச்சியைக் கம்பியில் தொட வைத்தேன். சக்கைக் கையால் மெல்லச் சுற்றினேன். முள் போய் வந்தது. குச்சியைச் சக்கிலிருந்து தள்ளிக் கம்பியின் நுனிக்குக் கொண்டுபோய் வைத்தேன். முள் இன்னும் தூரம் போய் வந்தது.

"யோகன்! பேக்கைப் போட்டுட்டு இஞ்ச வா!" என்று கத்தினேன்.

அவன் வந்தான். பின்னால் வசந்தியும் வந்தாள். முள்ளைக் காட்டினேன்.

"பாத்தியா? கம்பி நேர். ஆனா சக் ஒரு பக்கம் சரிஞ்சி பூட்டுப்பட்டிரிக்கி. பிரட்டிப் பிடிச்சு ரெண்டாவது முனையைக் கடையக்குள்ள அது வேற கோட்டில போயிட்டு."

"மெசினே பிழையா மச்சான்?"

"கழட்டு. பாப்பம்."

போல்ட்டுகளைக் கழற்றிச் சக்கை இழுத்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மெசினின் முகப்பில், சக் வந்து உட்காருகிற அந்த வழவழப்பான இடத்தின் ஒரு பக்கத்தில், சந்தனமும் குங்குமமுமாகப் பெரிய பொட்டு. சக்கின் முதுகிலும் ஒன்று. இரண்டுக்கும் இடையில் ஓர் அறுகரிசி, அப்பளம் போலத் தட்டையாகிச் சந்தனத்தோடு காய்ந்து இரும்பாய் ஒட்டியிருந்தது.

அந்த அரிசியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"புள்ள," என்றேன், "இது ஆர் வச்ச?"

"நான்தான்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒரு இடமும் விடாம வச்சன் அண்ணன். ஒரு இடத்த விட்டா, அந்த இடத்தால இவர் போயிருவாரோ எண்டு பயம்."

யோகன் அவளைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், திரும்பவும் அவளைப் பார்த்தான். அவன் வாய் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பிறகு சிரித்துச் சிரித்தே அழுதான். நானும் சிரித்தேன். கடைசியாக வசந்தியும், "சிரிக்காதீங்க, சாமி விசயம்," என்று ஏசிக்கொண்டே சிரித்தாள்.

யோகன் அரிசியை நகத்தால் பக்குவமாகக் கிளப்பி எடுத்து, டிஜிற்றல் கலிப்பரின் வாய்க்குள் வைத்தான். பீப் என்றது. மில்லிமீற்றரில் பத்தில் இரண்டு பங்கு தடிப்பம். அந்தக் கலிப்பர் அதுவரை செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியை நான் எடுத்தபோது வசந்தி கையைத் தடுத்தாள். சாமிக்கு வைத்ததை மற்றவர் துடைக்கக் கூடாதாம். துணியை வாங்கி, "முருகா, இது தொழிலுக்காக. கோவிச்சிராத," என்று முணுமுணுத்தபடி அவளே துடைத்தாள். சக்கைத் திரும்பப் பூட்டிச் சுற்றினோம். முள் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை.

மறுநாள் காலையில் புதுக் கம்பி போட்டு, டோக் பூட்டி, சென்டரில் நிறுத்திக் கடைந்தோம். பின்னேரம் மில்லுக்கு வசந்தியும் எங்களோடு வந்தாள். வராமல் வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை.

போடியார் ஒரு கிளாஸ் தேத்தண்ணியை விளிம்புவரை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு, "இப்ப போடு," என்றார். மோட்டர் ஓடியது. நாங்கள் ஒருவரும் மில்லைப் பார்க்கவில்லை, கிளாஸைத்தான் பார்த்தோம். தேத்தண்ணியின் முகத்தில் சின்னச் சுருக்கம் விழுந்தது. கிளாஸ் நின்ற இடத்திலேயே நின்றது. போடியார் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"சரி, இப்ப சொல்லுங்க. என்ன பிழை?"

யோகன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வசந்திதான் சொன்னாள்: "மெசினுக்குள்ள ஒரு அரிசி கிடந்தது, போடியார்."

"அரிசியா? ஆர்ர அரிசி?"

"உங்கட மில்லில குத்தின அரிசிதான்."

போடியார் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அவ்வளவு போல்ட் இறுக்கியும் மாவாகல்லியா? பாத்தியா என்ர அரிசிய! இத நான் எல்லா மில்லுக்காரனுக்கும் சொல்லுவன்டா!"

சொன்னார். ஊர் ஊராகச் சொன்னார். அரிசியின் பெருமை கேட்டவர்கள் அரிசி வாங்கப் போனார்களோ தெரியாது, சாப்ட் கடைய எங்களிடம் வந்தார்கள்.

பேக்

புதிதாக லேத் வாங்குகிற தம்பி தங்கைமாருக்கு நான் சொல்வது இதுதான். தடிப்பம் காட்டும் கருவி எல்லோரும் வாங்குவீர்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன் மெசின் நேராக நிற்கிறதா என்று காட்டுகிற டயல் கேஜை வாங்குங்கள். பற்றரி இல்லையென்று பார்க்காதீர்கள். பிறகு டோக், சென்டர், நாலு தாடைச் சக். சக்கைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் அது உட்காருகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பூசை கட்டாயம் போடுங்கள். பூசை முடிந்த பிறகும் தடவிப் பாருங்கள்.

யோகன் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தான். நாலு தாடைச் சக் வந்தது. நீளக் கம்பியைத் தாங்குகிற ஸ்டெடி வந்தது. டோக்கில் சின்னது பெரியது எல்லாம் வந்தன. வைக்க இடம் காணாமல் ஒருநாள் வீட்டுக்குள் போய், அந்த நீலப் பேக்கைத் தானே இழுத்துக்கொண்டு வந்தான். பிடியில் தொங்கிய, விமான நிலையத்தில் கட்டிய துண்டுச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, இரும்பெல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினான். வசந்தி வாசலில் நின்று பார்த்தாள். அன்று திரும்பவும் பாயாசம்.

அடுத்த ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவள், முதலில் என்னைக் கேட்டாள்: "அண்ணன், எங்க வைக்கலாம்?"

மோட்டர் மூடியைக் காட்டினேன், சுவிச்சுப் பெட்டியைக் காட்டினேன். சக்குப் பக்கம் போகாதே என்றேன். சொன்னபடியே வைத்தாள். விரலில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. மூலையில் கிடந்த பேக்குக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். இப்போது அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"இதுல வைக்கலாந்தானே அண்ணன்?"

"வை புள்ள," என்றேன். "ஒரு இடமும் விடாம வை."